யாருடைய ரத்தம்?

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் நெசவாளர் வீட்டுக் கர்ப்பிணி ஒருத்தியின் பரிசோதனை அட்டையை எடுத்துக்கொள்வோம். முதல் வருகையில் ஹீமோகுளோபின் 12. ஐந்தாம் மாதம் முடிகிற நேரத்தில் 10.8. “ரத்தம் குறைஞ்சுபோச்சு” என்பார் மாமியார். “தண்ணியாப் போச்சு” என்பார் அடுத்த வீட்டுக்காரர். அக்கறையில் பிறந்த பேச்சுதான். ஆனால் நடந்திருப்பது வேறு. அந்தப் பெண்ணின் உடலில் ரத்தம் குறையவில்லை, கூடியிருக்கிறது. கருவுற்ற ஆறு, எட்டு வாரங்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகத் தொடங்கி, 32 முதல் 34 வாரங்களுக்குள் 40 முதல் 50 விழுக்காடு வரை உயர்ந்துவிடுகிறது. செவ்வணுக்களும் பெருகுகின்றன, ஆனால் 20 முதல் 30 விழுக்காடுதான். கஞ்சிப் பானையில் கொஞ்சம் அரிசியும், அதைவிட அதிகமாகத் தண்ணீரும் சேர்த்தால் ஒரு கரண்டியில் வரும் பருக்கை குறையும். பானையில் உள்ள பருக்கை கூடியே இருக்கும். ஹீமோகுளோபின் பரிசோதனை அளப்பது கரண்டியை. அதனால்தான் கர்ப்பத்தின் நடுவில் 10.5 வரை இறங்கினாலும் மருத்துவர்கள் பலர் அதை ரத்தசோகை என்று எழுதுவதில்லை. அதற்குக் கீழே போனால்தான் கவலை. அந்தக் கவலைக்கு நம் ஊரில் காரணம் நிறைய இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

ரத்தம் இப்படி நீர்த்துப்போவது கோளாறு அல்ல, ஆயத்தம். நீர்த்த ரத்தம் இழுபடாமல் ஓடும். நஞ்சுக்கொடியின் நுண்ணிய இடைவெளிகளில் தடையின்றிப் பாயும். நிறைமாதத்தில் கருப்பைக்கு மட்டும் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போகிறது. 1995இல் பிலிப் ஸ்டீர் குழுவினர் லண்டன் வட்டாரத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். எடை குறைந்தும் குறைமாதத்திலும் குழந்தை பிறப்பது மிகக் குறைவாக இருந்தது, கர்ப்பகாலத்தில் ஹீமோகுளோபின் 9.5க்கும் 10.5க்கும் இடையே இறங்கிய தாய்மார்களிடம்தான். இறங்காமல் உயரத்திலேயே நின்றவர்களின் குழந்தைகள் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. ரத்தசோகை நல்லது என்று இதற்குப் பொருள் இல்லை. பெருக வேண்டிய பிளாஸ்மா பெருகாமல் போவதுதான் அங்கே கோளாறு. இன்னொரு மாற்றமும் உடன் நடக்கிறது. ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் முதலியவை ஏறுகின்றன. உறைவதைத் தடுக்கும் புரதம் எஸ் இறங்குகிறது. பிரசவத்தில் நஞ்சு பிரியும்போது திறந்துகொள்ளும் ரத்தவாய்கள் விரைவாக அடைபட வேண்டும் அல்லவா? அதற்கு மாதங்களுக்கு முன்பே உடல் ஏற்பாடு செய்துகொள்கிறது. அந்த ஏற்பாட்டின் விலையையும் அந்தப் பெண்ணே தருகிறாள்: காலில் ரத்தம் கட்டி அது நுரையீரலுக்குப் போகும் ஆபத்து கர்ப்பகாலத்தில் பல மடங்கு கூடுகிறது.

இதற்கெல்லாம் கட்டளை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால்தான் பிரச்சினை தத்துவத்தின் வாசலுக்கு வந்து சேர்கிறது. தாயின் சினைப்பையும் சிறுநீரகமும் மூளையும் இதில் பங்கு கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் முதல் சில வாரங்களுக்குப் பிறகு பெரும்பங்கு ஹார்மோன்களைச் சுரப்பது நஞ்சுக்கொடி. அது தாயின் உறுப்பு அல்ல. கருவிலிருந்து கிளைத்தது, தாயிடமிருந்து பாதியும் தகப்பனிடமிருந்து பாதியுமாக, குழந்தைக்குரிய மரபணுக்களையே கொண்டது. அப்படியானால் ஒருத்தியின் ரத்தம் எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு நீர்த்திருக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் உறைய வேண்டும் என்பதில் இன்னொருவரின் திசு கைவைக்கிறது. அந்த இன்னொருவருக்கு இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. அவள் உடலில் ஓடும் அந்த ரத்தம் யாருடையது?

நம் மரபு கருப்பையைப் பற்றிப் பேசாமல் இல்லை. திருமூலர் திருமந்திரத்தின் இரண்டாம் தந்திரத்தில் கர்ப்பக் கிரியை என்று ஒரு பகுதியே பாடியிருக்கிறார். மாணிக்கவாசகர் போற்றித் திருஅகவலில், கரு மாதந்தோறும் எந்தெந்த ஆபத்திலிருந்து பிழைத்து வருகிறது என்று கணக்குச் சொல்கிறார். இவை ஆழமான பாடல்கள். ஆயினும் இவற்றில் பார்ப்பவர் யார் என்று கவனித்தால், பெரும்பாலும் உள்ளே இருக்கும் உயிர்தான். கருப்பை அந்த உயிர் கடந்துவர வேண்டிய இடம். தப்பிவர வேண்டிய இருட்டு. சுமக்கிறவளின் உடலில் என்ன நடக்கிறது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. மருத்துவ நூல்கள் இதில் ஒரு படி மேலே போயின. சரகரும் சுச்ருதரும் கர்ப்பிணியை இரண்டு இதயம் உடையவள் என்று சொன்னார்கள். கருவின் நாடி தாயின் ரசம் ஓடும் நாடியோடு கட்டப்பட்டிருக்கிறது, ஆகையால் அவளுடைய மசக்கை ஆசைகளை மறுக்கக் கூடாது என்றார்கள். உடற்கூற்று விவரங்களில் அவர்கள் தவறியிருக்கலாம். ஆனால் கர்ப்பிணியின் ஆசை அவளுடையது மட்டுமல்ல, அதை நிறைவேற்றுவது சுற்றியிருப்பவர்களின் கடமை என்று ஒரு மருத்துவ நூல் விதித்தது சாதாரணமான விஷயம் அல்ல.

‘யாருடையது’ என்ற கேள்விக்கு நேராகக் கைகொடுக்கும் சிந்தனையைத் தேடி நாம் தொலைவு போக வேண்டியதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து, காஞ்சிக்கு அருகே யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டு, வரதராஜப் பெருமாளுக்கு நீர் சுமந்த ராமாநுஜர், ஸ்ரீபாஷ்யம் என்ற நூலில் உடல் என்றால் என்ன என்று வரையறுக்கிறார். கை கால் உள்ளதா, புலன்கள் உள்ளனவா, தசையும் எலும்புமாக இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. அறிவுடைய ஓர் ஆன்மா ஒரு பொருளைத் தன் பொருட்டு இயக்க வேண்டும், தாங்க வேண்டும். அந்தப் பொருளின் இயல்பே அந்த ஆன்மாவுக்காக இருப்பதாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் அது அந்த ஆன்மாவின் உடல். உலகமும் உயிர்களும் இறைவனுக்கு உடல் என்று நிறுவுவதற்காக அவர் இந்த வரையறையைக் கட்டினார். வாதம் வந்து அசையாத கை உடல் ஆகாதா என்ற ஆட்சேபத்தையும் அவரே எடுத்துக்கொண்டு, இயக்கும் ஆற்றல் இருக்கிறது, நோய் அதைத் தடுத்திருக்கிறது, அவ்வளவுதான் என்று விடை சொல்கிறார். இந்த வரையறையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. இதன்படி ஒரே பொருள் இருவருக்கு உடலாக இருக்க முடியும். என் உடல் எனக்கு உடல். உடலோடு கூடிய நான் இறைவனுக்கு உடல். இரண்டாவது உறவு முதல் உறவை ரத்து செய்துவிடுவதில்லை. ‘என்னுடையது’ என்பதற்கு ‘வேறு யாருடையதும் அல்ல’ என்று பொருள் கொள்ளும் பழக்கம் நமக்கு நிலப் பத்திரத்திலிருந்து வந்தது. உடல் விஷயத்தில் ராமாநுஜர் அந்தப் பழக்கத்தை ஏற்கவில்லை.

இந்த மூன்று அடையாளங்களையும் கர்ப்பிணியின் ரத்தத்தில் வைத்துப் பார்க்கலாம். இயக்குவது யார்? பாதி தாயின் உடல், பாதி நஞ்சுக்கொடி. யாருக்காக? இருவருக்காகவும்: குழந்தைக்கு உணவும் பிராணவாயுவும், தாய்க்குப் பிரசவத்தில் இழக்கப்போகும் ரத்தத்துக்கு ஈடான முன்சேமிப்பும். தாங்குவது யார்? இங்கே மட்டும் விடை ஒன்றுதான்: தாய். கரு எதையும் தாங்குவதில்லை, தாங்கப்படுகிறது. ‘வயிற்றில் கரு அறிந்து கட்டளையிடுகிறதா, அறிவே இல்லாத திசுவுக்கு ஆன்மாவின் இலக்கணத்தைப் பொருத்தலாமா’ என்று கேட்பார்கள். அறிந்து கட்டளையிடுகிறது என்று நான் சொல்லவில்லை. நாமும் நம் ரத்தத்தை அறிந்தா இயக்குகிறோம்? இலக்கணத்தை அப்படியே பெயர்த்து நடுவது என் நோக்கம் இல்லை. உடைமை என்ற ஒற்றைக் கேள்வியை இயக்குதல், தாங்குதல், பிறர்க்காக இருத்தல் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க அவர் வழிகாட்டுகிறார்; அப்படிக் கேட்டால் கர்ப்பத்தில் இந்த மூன்றும் வெவ்வேறு ஆட்களிடம் போய் நிற்பது தெரிகிறது. என் வாதம் இதுதான்: கருவுற்றவளின் ரத்தத்தைப் புரிந்துகொள்ள உடைமை போதாது, தாங்குதல் என்ற உறவு வேண்டும், அந்த உறவை ஒப்புக்கொண்டால், தாங்குகிறவளைத் தாங்குவது யார் என்ற அடுத்த கேள்வியிலிருந்து குடும்பமும் ஊரும் நழுவ முடியாது.

முதல் மறுப்பு அறிவியலிலிருந்தே வரும். தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் கலப்பதே இல்லை, பிறகு எதற்கு இந்தப் பேச்சு? நியாயமான மறுப்பு. நஞ்சில் விரல் விரலாக நீண்டிருக்கும் திசுக்களுக்குள் குழந்தையின் ரத்தம். அவற்றைச் சுற்றித் தாயின் ரத்தம். நடுவே ஒரு மெல்லிய சுவர். ‘என் ரத்தம் உன் உடம்பில் ஓடுகிறது’ என்று சினிமாவில் அம்மாக்கள் பேசுவது உடற்கூறு அல்ல. குழந்தையின் ரத்தம் அதுவே உண்டாக்கியது. அதன் ஹீமோகுளோபின்கூட வேறு வகை. தாயின் ஹீமோகுளோபினை விட இறுக்கமாகப் பிராணவாயுவைப் பற்றிக்கொள்வதால்தான் சுவருக்கு அப்பாலிருந்து அதை இழுத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் அந்தச் சுவர் முழு அடைப்பும் அல்ல. 1893இலேயே ஜெர்மன் மருத்துவர் ஜார்ஜ் ஷ்மோர்ல், பேறுகால வலிப்பில் இறந்த பெண்களின் நுரையீரலில் நஞ்சின் செல்களைக் கண்டார். 1996இல் டயானா பியாங்கியும் உடன் ஆய்ந்தவர்களும், ஆண் குழந்தை பெற்று 27 ஆண்டுகள் கழிந்த ஒரு தாயின் ரத்தத்தில் ஆண் செல்கள் இருப்பதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டு டென்னிஸ் லோ, கர்ப்பிணியின் பிளாஸ்மாவிலேயே கருவின் டிஎன்ஏ மிதப்பதைக் காட்டினார். இன்று தாயின் கையில் எடுக்கும் ரத்தத்தைக் கொண்டே குழந்தையின் குரோமோசோம் குறைகளைச் சோதிக்க முடிவது அதனால்தான். ஆக, இருவர் இருவராகவே இருக்கிறார்கள். ஆனாலும் ஒருவர் இல்லாமல் மற்றவரைச் சொல்லி முடிக்க முடிவதில்லை. வேறுபாட்டை அழிக்காத இந்தப் பிணைப்புதான் ராமாநுஜர் பேசியது. பாலாற்றங்கரையில் அதே ஓரிக்கையில் காஞ்சி மடத்து மகாபெரியவருக்குக் கல்லாலேயே எழுப்பிய மணிமண்டபம் இருக்கிறது. அங்கே வணங்கும் அத்வைதி ஒருவர், உடலே நான் அல்ல எனும்போது ரத்தம் யாருடையது என்ற கேள்வியே அறியாமை என்று சொல்லலாம். பரமார்த்தத்தில், அதாவது முடிவான உண்மையில், அப்படியே இருக்கட்டும். வியவகாரம், அதாவது அன்றாட நடைமுறை என்று அவரும் ஒப்புக்கொள்ளும் நிலையில், இரும்புச்சத்து மாத்திரையை யார் விழுங்குவது, யார் வாங்கித் தருவது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும்.

இரண்டாம் மறுப்பு இதைவிடக் கூர்மையானது. 1993இல் டேவிட் ஹெய்க் என்ற பரிணாம உயிரியலாளர், கர்ப்பம் என்பது இசைவு அல்ல, இழுபறி என்று விரிவாக வாதிட்டார். கருவின் செல்கள் கருப்பையின் ரத்தக் குழாய்ச் சுவர்களைத் துளைத்து, தாய் நினைத்தாலும் சுருக்க முடியாதபடி அவற்றைத் தளர்த்திவிடுகின்றன. தாயின் ரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டிவைக்கும் ஹார்மோன்களை நஞ்சு சுரக்கிறது; தாயின் உடல் இன்சுலினைக் கூட்டி எதிர்த்து நிற்கிறது. கருவின் நன்மையும் தாயின் நன்மையும் முழுக்க ஒன்றாக இருந்தால் இந்த இழுபறி தேவைப்படாது. இந்த வாதத்தை நான் ஏற்கிறேன். இரும்பு விஷயத்தில் இது கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு கர்ப்பத்துக்குச் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும்: கருவுக்கும் நஞ்சுக்கும் 300, தாயின் புதிய செவ்வணுக்களுக்கு 500, உடலிலிருந்து வழக்கமாக வெளியேறுவது 200. தாயிடம் இருப்பு குறைவாக இருந்தாலும் நஞ்சு தன் பங்கைப் பிடித்திழுத்துக்கொள்ளும். பற்றாக்குறை முதலில் விழுவது தாயின் தலையில்; அவள் மிகவும் வற்றிப்போன பிறகே குழந்தைக்கும் குறைகிறது.

இந்த இடத்தில் இறைவனோடு தாயை ஒப்பிடுவது முறிந்துபோகிறது. முறிவதைப் பக்தியால் மூடி மறைக்கக் கூடாது. ராமாநுஜரின் இறைவன் எல்லாவற்றையும் தாங்கியும் குறைவதில்லை. தாய் தாங்கத் தாங்கக் குறைகிறாள். கிராம் கணக்கில் அளந்து சொல்லக்கூடிய குறைவு அது. ‘தாய் தெய்வம்’ என்று சொல்லி நிறுத்துகிறவர்கள் இந்த ஒரு கிராம் இரும்பை மறந்துவிடுகிறார்கள். தெய்வத்துக்குப் படைத்த சோறு படைத்தபடியே திரும்பி வரும். இவளுக்குப் படைக்க வேண்டிய சோறு இவள் வயிற்றுக்குள் போயாக வேண்டும். ராமாநுஜரின் விசிஷ்டாத்வைதத்தில் தாங்குகிற ஒவ்வொன்றும் தானும் இன்னொன்றால் தாங்கப்படுவது. யாராலும் தாங்கப்படாதவன் இறைவன் ஒருவனே. அந்த ஒழுங்கை நேர்மையாக எடுத்துக்கொண்டால், குழந்தையைத் தாங்குகிறவளை யாரும் தாங்காமல் விடுவது அவளை இறைவனின் இடத்தில் வைப்பதாகும். வழிபாடு போலத் தோன்றினாலும் அது கொடுமை.

தாங்காமல் விட்டால் ரத்தம் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய சான்று இருக்கிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலைசெய்த ஏழைக் கர்ப்பிணிகள் ஒரு விசித்திரமான ரத்தசோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். செவ்வணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, ஒவ்வொன்றும் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தது. கிருமியாக இருக்கும், நச்சாக இருக்கும் என்று பலரும் நினைத்தார்கள். வில்ஸ் அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். குன்னூரில் எலிகளை வைத்துச் சோதித்தார். சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலைசெய்தார்; இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாக இருப்பது அதுதான். கடைசியில் மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்தப் பெண்களைப் பிழைக்கவைத்ததை 1931இல் எழுதி வெளியிட்டார். அதில் இருந்த பொருள் என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. பத்தாண்டு கழித்துக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். அதை 1945இல் ஆய்வகத்தில் உண்டாக்கிய அமெரிக்க லெடர்லி குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். அந்த ஆலைப் பெண்களின் ரத்தத்தில் குறை இருந்தது உண்மை. காரணம் அவர்களின் உடலில் இல்லை, அவர்களின் தட்டில் இருந்தது.

ஓரிக்கைக்குத் தன்னுடையதாகவே ஒரு கதை உண்டு. தாங்குதல் கருப்பையோடு முடிவதில்லை என்று அது தன் போக்கில் சொல்கிறது. திருமழிசை ஆழ்வார் பார்க்கவ முனிவருக்கும் கனகாங்கிக்கும், பன்னிரண்டு மாதம் கருவில் இருந்து, கை கால் இல்லாத பிண்டமாகப் பிறந்தார் என்பது வைணவக் குருபரம்பரைக் கதை. பெற்றவர்கள் அந்தப் பிண்டத்தைப் புதரடியில் விட்டுப் போனார்கள். இறையருளால் உருப்பெற்ற குழந்தையை எடுத்து வளர்த்தவர்கள் திருவாளனும் பங்கயச்செல்வியும் என்ற எளிய குலத்துத் தம்பதி. தாய்ப்பால் குடிக்காத அந்தக் குழந்தைக்கு ஒரு முதியவர் நாள்தோறும் காய்ச்சிய பால் கொண்டுவந்து கொடுத்தார். மிச்சத்தை அவரும் மனைவியும் அருந்தி, இளமை திரும்பி, கணிகண்ணனைப் பெற்றார்கள். பின்னாளில் அந்தக் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாடுகடத்தியபோது ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் சொற்படி காஞ்சித் திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடம் ஓரிக்கை. வரலாறாக இதை யாரும் நிறுவ முடியாது. ஆனால் தன்னைப் பெற்றவள் கைவிட்ட ஒருவர், இன்னொருவர் கொண்டுவந்த பாலில் வளர்ந்து, அந்தப் பாலின் மிச்சத்தால் பிறந்தவனுக்காக ஊரையே விட்டுப் போனார் என்று ஒரு சமயம் சொல்லிக்கொண்டிருக்கிறது. குருதி உறவைவிடத் தாங்கிய உறவு பெரிது என்று அந்தச் சமயம் கருதியிருக்கிறது. அதே சமயத்தவர் ஒரு கர்ப்பிணியின் நலத்தை ‘அவள் பிறந்த வீட்டுப் பாடு’ என்று விட்டுவிட முடியுமா?

தீட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. ஒன்பது மாதம் பெருகி, நீர்த்து, குழந்தையைச் சூழ்ந்து நின்ற அதே ரத்தம் பிரசவத்தில் வெளியே வந்ததும் தீட்டு ஆகிவிடுகிறது. பங்காளிகளுக்குப் பத்து நாள் விருத்தித் தீட்டு, அதாவது பிறப்புத் தீட்டு. பெற்றவளுக்கு அதைவிட நீண்ட காலம் கோயில் இல்லை, பூஜையறை இல்லை. தீட்டு அவமதிப்பு அல்ல, ஓய்வு. வேலையிலிருந்தும் தொற்றிலிருந்தும் தாயையும் சேயையும் காத்த ஏற்பாடு என்று ஆசாரம் அறிந்தவர்கள் விளக்குவார்கள். அந்தப் பயன் ஓரளவு இருந்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓய்வுதான் நோக்கம் என்றால் ஓய்வு என்றே சொல்லலாம். நல்ல சோறும் தனி அறையும் கொடுக்கலாம். அசுத்தம் என்று சொல்லத் தேவையில்லை. பல வீடுகளில் நடந்தது என்ன? தனியிடம் கிடைத்தது, சத்தான சாப்பாடு கிடைக்கவில்லை. பத்தியம் என்ற பெயரில் கீரையும் பழமும்கூடத் தள்ளிவைக்கப்பட்டன. ராமாநுஜர் குருவாக மதித்த, பிராமணர் அல்லாத திருக்கச்சி நம்பி உண்டு போன இடத்தை ராமாநுஜரின் மனைவி கழுவிச் சுத்தம் செய்ததையும், அதற்காக ராமாநுஜர் எவ்வளவு வருந்தினார் என்பதையும் காஞ்சியில் கதை கேட்டு வளர்ந்தவர்கள் அறிவார்கள். யார் தொட்டது தீட்டு என்ற கேள்வியில் அந்த ஆசாரியர் எந்தப் பக்கம் நின்றார் என்பது தெளிவு. அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு பிள்ளை பெற்றவளின் ரத்தத்தை அசுத்தம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் ஒரு மறுப்பு உண்டு. பெண்ணியம் பேசுகிறவர்கள் எழுப்புவது. உடல் இப்படி மாறுகிறது என்ற உண்மையிலிருந்து கடமையை எப்படிப் பெறலாம்? அதிலும், ‘பெண்ணின் ரத்தமே பிறர்க்காக இருப்பது’ என்று தத்துவம் பேசினால், பெண்ணை மறுபடியும் தாய்மைக்குள் பூட்டுவதாக ஆகாதா? இந்த அச்சம் வீண் அல்ல; நம் வரலாறு அதற்குக் காரணம் தந்திருக்கிறது. ஆனால் நான் கடமையை அவள்மேல் ஏற்றவில்லை. கர்ப்பம் தரிக்க வேண்டும், தொடர வேண்டும் என்ற எந்த விதியும் பிளாஸ்மா பெருகுவதிலிருந்து பிறக்காது. அது அவள் முடிவு. அவள் ரத்தத்தில் இருவர் பங்கு கொள்வதால் மற்றவர்களுக்கு அவள்மேல் அதிகாரம் வந்துவிடாது என்பதற்கும் ராமாநுஜர் உதவுகிறார்: இறைவனுக்கு உடலாக இருப்பதால் ஜீவன் தன் உடலின்மேல் உள்ள உரிமையை இழப்பதில்லை. கடமை பிறப்பது எதிர்த்திசையில். அவள் தாங்குகிறாள் என்பது உண்மையானால், அவள் தாங்கித் தந்த குழந்தையை மகன் என்றும் பேரன் என்றும் குடிமகன் என்றும் பின்னால் சொந்தம் கொண்டாடப்போகிறவர்கள் அனைவரும் அந்தத் தாங்குதலின் செலவில் பங்கு தர வேண்டியவர்கள். வளையல் அடுக்கி, கலந்த சாதம் ஊட்டும் வளைகாப்பு இந்தக் கடனை ஒப்புக்கொள்ளும் அழகான சடங்கு. அரசே நடத்தும் சமுதாய வளைகாப்பும் அப்படித்தான். குறை என்னவென்றால், அது ஒரு நாள் நடக்கிறது. இரும்பு 280 நாளும் வேண்டியிருக்கிறது.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. பிரசவங்கள் அநேகமாக எல்லாமே மருத்துவமனையில் நடக்கும் தமிழ்நாட்டிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு உண்டு. முதலில் சொன்ன 10.8 இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும், ஏனெனில் ஆய்வு எல்லா மாதத்துக்கும் 11 என்ற ஒரே கோட்டைப் போடுகிறது. அதைக் கழித்துவிட்டாலும் ஒன்பதும் எட்டும் ஏழுமாக மிஞ்சும் எண்கள் ஆயத்தம் அல்ல, பட்டினி. காஞ்சிபுரத்துத் தறி வீடுகளில் பெண்ணின் வேலை பெரும்பாலும் கூலிக் கணக்கில் தனியாக வராது. நூல் சுற்றுவாள், தார் போடுவாள், இழை அறுந்தால் பிணைப்பாள், சமைப்பாள், எல்லோரும் சாப்பிட்ட பிறகு சாப்பிடுவாள். கீரையோ கறியோ மிச்சம் இருந்தால் உண்டு. அரசு தருவது ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்டது, 180 நாளைக்கு. மாத்திரை குமட்டும், மலம் கறுக்கும். அதனால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சாப்பிடுகிறவர்களும் காபி, டீயோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. ஓர் எலுமிச்சம்பழச் சாற்றோடு இரவில் படுக்குமுன் சாப்பிட்டால் குமட்டலும் குறையும், இரும்பும் சேரும். இதை நினைவுபடுத்தி எடுத்துக்கொடுக்க இன்னொரு கை வீட்டில் இருந்தால் அவள் பாதியில் விடமாட்டாள். பிரசவத்தில் சாதாரணமாக அரை லிட்டர் வரை ரத்தம் போகும். முன்பே பெருக்கிவைத்த ரத்தம் அதற்கு ஈடுகொடுக்கும். ஆறேழு வாரத்தில் பிளாஸ்மா பழைய அளவுக்கு வந்துவிடும். செலவான இரும்பு அப்படித் தானாகத் திரும்புவதில்லை. அடுத்த கர்ப்பம் சீக்கிரம் வந்தால் அந்தக் கடனோடுதான் தொடங்கும். அதற்காகத்தான் பிரசவத்துக்குப் பிறகும் இன்னொரு 180 மாத்திரை தரச் சொல்கிறது அரசின் திட்டம். குழந்தை பிறந்ததும் வீட்டில் எல்லார் கண்ணும் தொட்டிலுக்குப் போய்விடும் அந்த மாதங்களில், அந்த மாத்திரை அட்டையை எடுத்து, தேதி பார்த்து, அவள் கையில் கொடுக்க வேண்டியவர் கணவர்தான். தறிக்குழியில் இறங்குவதற்கு முன் அதற்கு இரண்டு நிமிடம் போதும்.